புல்லட்டில் ‘டிக்கு டிக்கு’: அட்வான்ஸ் யூனிட் சத்தத்தைப் பிடித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோபி பக்கம் என் மச்சானிடம் இருக்கும் புல்லட் 350, அவருடைய அப்பாரு 1980-களில் வாங்கியது. வார்ப்பிரும்பு பேரல், வலது கால் கியர், பிளாட்டினம் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் முனை), மிக்கார்ப் விஎம் 24 கார்பரேட்டர். 6 வோல்ட்டில் வந்ததை நடுவில் யாரோ 12 வோல்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி இன்ஜினுக்குள் பெரிதாக யாரும் கை வைக்காத வண்டி. இதில், வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னதாக வரவைக்கும் அட்வான்ஸ் யூனிட்டிலிருந்து வந்த ஒரு சத்தத்தைப் பிடித்த விவரத்தை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே சத்தத்துக்குப் போர் அடித்து (சிலிண்டரைக் குடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டவர்களை எனக்குத் தெரியும், போட்ட பிறகும் சத்தம் அப்படியேதான் இருந்தது.

புகார்

மச்சான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாப்ள, ஸ்லோவுல நிக்கறப்ப வலது பக்கம் டிக்கு டிக்குன்னு அடிக்குது, ஆக்சிலேட்டர் குடுத்தா நின்னுருது." பேச்சுக் கொடுத்தபோது இன்னும் மூன்று தொந்தரவுகள் வெளியே வந்தன. அவற்றை அவர் தனித்தனி வியாதியாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாவது, கிக்கர் திருப்பி அடிக்கிறது. எல்லா நேரமும் இல்லை, சில காலை மட்டும், ஆனால் அடித்தால் முழங்கால் வரை வலிக்கும். இரண்டாவது, ஸ்லோ (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு நிலையில் நிற்பதில்லை, தானாக ஏறுகிறது, அப்புறம் இறங்கி அணைவது போல வந்து மறுபடி ஏறுகிறது. மூன்றாவது மலை ஏற்றம். தாளவாடியில் அவருக்கு முட்டைக்கோஸ் போடும் காடு இருக்கிறது, சத்தியைத் தாண்டி பண்ணாரியிலிருந்து திம்பம் மேலே போக 27 கொண்டை ஊசி வளைவு. வளைவில் வேகம் குறைந்து மறுபடி மூன்றாவது கியரில் இழுக்கும்போது இன்ஜின் உள்ளே சில்லறையைக் குலுக்கின மாதிரி தட்டுகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் குறைகிறது.

இதுவரை நடந்த வைத்தியம் இது. டேப்பெட் (வால்வு இடைவெளி) பலமுறை சரி செய்யப்பட்டது. பிளாட்டினம், கண்டென்சர் இரண்டும் புதுசு. கார்பரேட்டர் கழுவப்பட்டது, ஸ்லோ ஸ்க்ரூவை அப்படியும் இப்படியும் திருப்பாத ஆள் இல்லை. ஒரு மெக்கானிக் பாயிண்ட் உட்காரும் பேஸ் பிளேட்டை நகர்த்தி டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, தாமதமாக வைத்துக் கொடுத்திருக்கிறார், அதனால் கிக்கர் அடிப்பது குறைந்தது, தட்டும் சத்தமும் பாதியானது. ஆனால் வண்டி மேல் வேகத்தில் செத்துப்போனது, சைலன்சர் குழாயின் வளைவு நீலம் பாய்ந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தவர், "போர் போயிருச்சுங்ணா, பிஸ்டன் ஆடுது, எறக்கிப் பாத்தரலாங்" என்றாராம். அந்தச் செலவுக்கு முன்னால்தான் என்னைக் கூப்பிட்டார்.

பெட்ரோல் மேல் பழி போட்டவர்களும் உண்டு. இதை மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே தள்ளிவிடலாம். இந்த வண்டி புதுசாக இருந்த காலத்தில் சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன் (தட்டாமல் எரியும் தன்மையின் அளவு), அதில் அப்பாரு இதே மலையில் பின்னால் ஆளை உட்கார வைத்து ஏறியிருக்கிறார். இன்றைக்குப் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பதே குறைந்தது 91. புல்லட்டின் கம்ப்ரஷன் 8-க்கும் கீழே. அன்றைக்கு மட்டமான பெட்ரோலில் தட்டாத இன்ஜின் இன்றைக்கு அதைவிட நல்ல பெட்ரோலில் தட்டுகிறது என்றால், மாறியது இன்ஜின் பக்கம்தான் இருக்க வேண்டும். உள்ளே கரி சேர்ந்திருக்கலாம், டைமிங் கெட்டிருக்கலாம், காற்று எங்காவது கூடுதலாக உள்ளே போகலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

வேக்கம் அட்வான்ஸ் என்ற தேடல்

நான் போவதற்கு முன்னால் மச்சானின் அக்கா பையன், பெங்களூரில் வேலையில் இருப்பவன், லீவுக்கு வந்திருந்தான். பழைய பைக்கில் ஸ்லோவில் டிக்கு சத்தம் வந்தால் அது வேக்கம் அட்வான்ஸின் வேலை என்று எங்கோ படித்துவிட்டு, கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாயிண்ட் இருக்கும் பெட்டி) போகும் சின்ன ரப்பர் டியூப்பைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். புல்லட்டில் அந்த டியூப் கிடையாது, அந்த யூனிட்டும் கிடையாது. அவன் தேடியதில் தப்பில்லை, படித்தது வேறு வண்டியைப் பற்றி. 1978-ல் வந்த யமஹா எக்ஸ்எஸ் 1100 மாதிரி சில நான்கு சிலிண்டர் பைக்குகளில் வேக்கம் அட்வான்ஸ் உண்டு. நம்ம ஊரில் அதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பழைய அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கினால் போதும்.

அது எதற்கு என்றால், பாதி ஆக்சிலேட்டரில் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அடர்த்தி இல்லாத கலவை மெதுவாக எரியும், ஆகவே ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னதாகக் கொடுத்தால் பெட்ரோல் மிச்சம். அந்த நேரத்தில் கார்பரேட்டர் பக்கம் உறிஞ்சும் விசை அதிகம், அது ஒரு டயாஃப்ரமை இழுக்கும், டயாஃப்ரம் பேஸ் பிளேட்டைத் திருப்பும். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், பிளேட் பழைய இடத்துக்குத் திரும்பும், தட்டல் வராது. ஒற்றை சிலிண்டரில் இந்த உறிஞ்சல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வந்து வந்து போகும், டயாஃப்ரம் துடித்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் அங்கே இதற்குப் பெரிய பிரயோஜனம் இல்லை.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த யூனிட்டைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கார்பரேட்டர் பக்கம் டியூப்பைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் ஓட்டையை அடைக்க வேண்டும். நாக்கு ஒட்டி நின்றால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. உறிஞ்சும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் பிளேட் நகர்வது கண்ணுக்கே தெரியும், நகராமல் நாக்கு மட்டும் ஒட்டினால் பிளேட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கிழிந்த டயாஃப்ரமின் சத்தம் டிக்கு டிக்கு இல்லை, ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம். அதோடு, பெரும்பாலான கார்பரேட்டர்களில் அந்த ஓட்டை த்ராட்டிலுக்கு மேல் பக்கம் இருக்கும், ஸ்லோவில் அங்கே உறிஞ்சலே இருக்காது.

புல்லட்டில் இருப்பது எடையால் வேலை செய்யும் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இரண்டு வெயிட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பின்னில் ஆடும், இரண்டு சின்ன ஸ்பிரிங் அவற்றை உள்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் ஏற ஏற வெயிட்டுகள் வெளியே விரிந்து கேமை (பாயிண்ட்டைத் திறக்கும் மேடுள்ள உருளை) முன்னால் திருப்பும், பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முன்னதாக வரும். ஸ்லோவில் சுமார் 10 டிகிரி முன்னால் வரும் ஸ்பார்க் மேல் வேகத்தில் 30 டிகிரியைத் தாண்டிப் போகும். கலவை எரிய ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும், பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடுகிறது, அதனால் முன்கூட்டியே பற்ற வைக்க வேண்டியிருக்கிறது. கிக்கர் உதைக்கும்போது வேகமே இல்லை என்பதால் வெயிட்டுகள் முழுசாக உள்ளே மடங்கியிருக்க வேண்டும். மடங்காமல் பாதி விரிந்து நின்றால் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே ஸ்பார்க் வந்து இன்ஜினைப் பின்பக்கம் தள்ளும், கிக்கர் திருப்பி அடிப்பது இதனால்தான்.

இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் பாதி உறுதியாகிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்தால் என்னென்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். வெயிட்டுகள் சரியாக உள்ளே வராது, கிக்கர் அடிக்கும். ஸ்லோவில் வேகம் லேசாக ஏறினாலே அட்வான்ஸ் கூடும், கூடினால் வேகம் இன்னும் ஏறும், பிறகு எதற்காவது கொஞ்சம் விழுந்தால் அட்வான்ஸும் சேர்ந்து விழும், ஸ்லோ ஏறி இறங்கும். மலையில் குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கும்போது முழு அட்வான்ஸ் வந்துவிட்டிருக்கும், தட்டும். ஸ்லோவில் வெயிட்டுகள் பிடி இல்லாமல் ஆடினால் டிக்குவும் வரும். மச்சானின் நான்கு புகாரும் ஒரே இடத்தைக் காட்டின. ஆனால் கணக்கு ஒத்துவந்ததால் மட்டும் அதுதான் என்று முடிவு செய்யக்கூடாது.

சத்தத்தைப் பிரித்தது

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஆரம்பித்தோம், இது முக்கியம். பிஸ்டன் ஆடும் சத்தம் குளிரில் அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருக்கும், அலுமினிய பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால். இந்தச் சத்தம் ஸ்டார்ட் ஆன நிமிஷத்திலும், ஊரைச் சுற்றிவிட்டு வந்த பிறகும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தது. பிஸ்டன் பெயர் பட்டியலிலிருந்து போனது.

அடுத்து டேப்பெட். புல்லட்டில் இது குளிர்ந்த இன்ஜினில், கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே நிற்கும்போது பார்க்க வேண்டும். வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இரண்டும் சரியாகவே இருந்தன, அத்தனை முறை சரி செய்ததற்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி. டேப்பெட் சத்தம் என்றால் வேகம் கூடக் கூட அதுவும் வேகமாக அடிக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் காணாமல் போகாது.

கனெக்டிங் ராடு பெரிய பக்கம் தட்டினால் பாரத்தோடு ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடும்போது ஆழமான ‘டக்கு’ வரும். இங்கே வந்தது மேலோட்டமான, வறண்ட, சின்ன இரும்புச் சத்தம். சைலன்சர் குழாய் ஹெட்டில் உட்காரும் இடத்தில் கசிந்தாலும் டிக்கு சத்தம் வரும், அதுவும் பலரை ஏமாற்றும். அங்கே கரித் தடம் இல்லை, துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தபோதும் சத்தம் கூடவில்லை. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இன்சுலேட்டரைச் சுற்றிப் பெட்ரோலில் நனைத்த பிரஷ்ஷை ஓட்டிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள், சூடான இன்ஜினில் அது வம்பு. நான் கெட்டியான இன்ஜின் ஆயிலைத் தடவினேன். ஸ்லோ மாறவில்லை, காற்றுக் கசிவு இல்லை.

அப்புறம் மரக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவர். கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ராக்கர் மூடி மேல் வைத்தால் வழக்கமான தையல் மெஷின் சத்தம். டைமிங் கவரின் நடுவில் கியர்களின் இரைச்சல். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின் மேல் வைத்ததும் அந்த டிக்கு காதைக் குத்தியது. மச்சானிடம் கொடுத்தேன், அவரும் கேட்டுவிட்டு, "அட, இதுக்குள்ளயா?" என்றார்.

இன்னொன்றும் கவனித்தோம். ஆக்சிலேட்டரை ஏற்றிவிட்டுச் சட்டென்று விட்டால், வேகம் ஸ்லோவை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் ஒரு சின்ன ‘சட சட’, பிறகு மறுபடி டிக்கு. வெயிட்டுகள் வெளியே விரிந்து நிற்கும் வரை அமைதி, உள்ளே வந்து எங்கும் பிடி இல்லாமல் மிதக்கும்போது சத்தம். பெரிய ஒற்றை சிலிண்டர் ஸ்லோவில் சீராகச் சுற்றுவதே இல்லை, பவர் அடிக்கும்போது பாயும், கம்ப்ரஷனில் தயங்கும். போதாததற்குப் பாயிண்ட்டின் குதிகால் கேம் மேட்டில் ஏறி இறங்கும்போது கேமைத் தள்ளி இழுக்கும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் இதெல்லாம் வெயிட்டுக்குத் தெரியவே தெரியாது.

திறந்து பார்த்தது

இன்ஜினை அணைத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினோம். முதல் சோதனைக்கு இரண்டு விரல் போதும். கேமைப் பிடித்து அது சுற்றும் திசையில் திருப்பிவிட்டு விட வேண்டும், ‘டப்’ என்று பழைய இடத்துக்கு வர வேண்டும். இது பாதி தூரம் சோம்பலாக வந்தது, மீதி தூரம் வரவே இல்லை, விரலால் தள்ளினால் அந்த மீதியில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் முன்னும் பின்னும் ஆடியது. அந்த ஆட்டத்தில் வந்த சத்தமும் அதே டிக்குதான்.

பேஸ் பிளேட்டைக் கழற்றும் முன் அது எந்த இடத்தில் இருந்தது என்று பிளேட்டிலும் உடம்பிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டுக்கொண்டேன். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு டைமிங் எங்கே இருந்தது என்று தேடும் ஆட்களை நிறையப் பார்த்தாச்சு. கேமை உருவும் முன்பும் அதன் மேடு எந்தப் பக்கம் பார்த்தது என்று அடையாளம் வேண்டும்.

அடியில் இருந்தது பரிதாபமான நிலைமை. எப்போதோ வைத்த கிரீஸ் கோந்து மாதிரி கறுத்துக் காய்ந்திருந்தது. நடுவில் துரு. மூடியின் ரப்பர் வாஷர் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், வாட்டர் சர்வீஸில் அடிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போயிருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கின் கொக்கி நீண்டு வளையம் திறந்திருந்தது. இன்னொன்று பார்வைக்குச் சரி, ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புல்லட்டின் ஸ்பிரிங்கோடு வைத்துப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியும்படி நீளம் அதிகம். ஒரு வெயிட்டின் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது, அதன் பின்னில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம். வெயிட் வந்து மோதும் இடத்தில் புதுசாகப் பளபளக்கும் தழும்பு.

ஒரு எச்சரிக்கை. சில கார் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டில் ஒரு ஸ்பிரிங்கை வேண்டுமென்றே தளர்வாக வைத்திருப்பார்கள், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் அது இழுக்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்து நீண்டுவிட்டது என்று மாற்றினால் அட்வான்ஸ் கணக்கே மாறிவிடும். நீளம் சரியா தப்பா என்று சொல்ல, நன்றாக ஓடும் இன்னொரு அதே மாடல் வண்டியைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உறுதி செய்ய இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. இரண்டு வெயிட்டையும் முழுசாக உள்ளே மடக்கி, மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி இறுக்கிக் கட்டினேன், ஆட வழியில்லாமல். பேஸ் பிளேட்டைக் கீறலுக்குக் கீறல் வைத்து மூடி ஸ்டார்ட் செய்தோம். கிக்கர் அமைதியாக இறங்கியது. டிக்கு இல்லை. ஸ்லோ ஒரே இடத்தில் நின்றது. மச்சானுக்கு அப்படியே ஓட்டிப் பார்க்க ஆசை, விடவில்லை. அட்வான்ஸே இல்லாமல் வேகமாக ஓட்டினால் எரிந்துகொண்டிருக்கும் கலவை அப்படியே சைலன்சருக்குள் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், கம்பி அறுந்து உள்ளே சுற்றினால் பாயிண்ட்டும் போகும். ஒரு நிமிஷம் ஸ்லோவில் கேட்டுவிட்டு அணைத்தாச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் கட்டினதே.

புதுசா, பழையதையே சரி செய்வதா

கோயம்புத்தூரில் புது அட்வான்ஸ் யூனிட் ஒன்று வாங்கி வந்தோம். பழையதன் மேல் வைத்துப் பார்க்காமல் மாட்டியிருந்தால் வேறு தலைவலி. ஒரு அட்டையில் டிகிரி கோடு போட்டு, கேம் மேல் ஊசி ஒட்டி, வெயிட்டுகள் மூடிய நிலையிலிருந்து முழுசாக விரியும் வரை கேம் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டிலும் பார்த்தேன். புதுசு தெளிவாகக் கூடுதலாகத் திரும்பியது. டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே அங்கே 3 டிகிரி கூடினால் கிராங்கில் 6 டிகிரி. ஸ்லோவில் சரியாக டைமிங் வைத்தாலும் மேல் வேகத்தில் அளவு மீறிப் போகும், திம்பத்தில் தட்டியது இனி சத்தி ரோட்டில் தட்டும். ஸ்பிரிங் இரண்டும் மட்டும் நன்றாக இருந்தன, பக்கத்துத் தோட்டத்து வண்டியின் நீளத்துக்குச் சரியாக ஒத்துவந்தன. அவற்றை எடுத்துக்கொண்டோம்.

வெயிட்டுக்கும் பின்னுக்கும் லேத். கோபியில் வயசான ஒரு லேத்காரர், பம்ப் செட் வேலைதான் அதிகம். யூனிட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத்தனூண்டு ஓட்டைக்குப் போயி புதுசா வாங்கோணும்? சாயங்காலம் வாங்க" என்றார். ஓட்டையை ஒழுங்காகத் துளைத்துப் பித்தளையில் மெல்லிய புஷ் அடித்து, தேய்ந்த பின்னைத் தட்டி எடுத்துவிட்டு டிரில் பிட்டின் தண்டையே அளவுக்கு வெட்டிப் பின்னாகப் போட்டார். இரண்டு வெயிட்டுக்கும் ஒரே மாதிரி புஷ் போடச் சொன்னேன், ஒன்றுக்கு மட்டும் போட்டால் எடை மாறும், அது சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் வேலை ஒரே நேரத்தில் முடிகிறது. செலவு மச்சான் போட்டிருந்த பிஸ்டன் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிவிடலாமே என்று. மாற்றலாம், நல்லதுதான், தேய ஒன்றும் இல்லை. ஆனால் பழைய வண்டியில் பேட்டரியும் வயரிங்கும் சுமாராக இருக்கும்போது அந்தப் பெட்டி தாளவாடிக் காட்டுப் பாதையில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பாயிண்ட் என்றால் உப்புத்தாளும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். மச்சான் ஓட்டும் இடங்களை வைத்துப் பாயிண்ட்டே இருக்கட்டும் என்றேன், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவரிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

டைமிங் வைத்தது

யூனிட்டை மண்ணெண்ணெயில் கழுவி, பின்களில் கிரீஸை விரல் நுனியளவு தடவி, கேமின் உள்ளே ஒரே ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். அதிகம் வைத்தால் அது சுற்றும் வேகத்தில் தெறித்துப் பாயிண்ட் முகத்தில் போய் உட்காரும், அப்புறம் ஸ்டார்ட்டிங் தகராறு என்று புதுக் கதை ஆரம்பிக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், இதை வைத்த பிறகுதான் டைமிங். வரிசை மாறினால் டைமிங்கும் மாறிவிடும், ஏனென்றால் இடைவெளியைக் கூட்டினாலே பாயிண்ட் சீக்கிரம் திறக்கும்.

புல்லட் 350-க்கு வெயிட்டுகள் முழுசாக மூடியிருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே வரும் இடத்தில் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் கணக்குப் போட்டால் இது கிராங்கில் 9, 10 டிகிரி. பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பியை விட்டு 0.8 அளப்பது கொஞ்சம் ஏமாற்று வேலை, கம்பி சரிந்தாலே அளவு போச்சு. டிகிரி தட்டு இருந்தால் இடது பக்கம் பிரைமரி கவரைக் கழற்றிக் கிராங்கில் மாட்டிவிடலாம். அந்தக் கவருக்கு ஒரே ஒரு நட்டுதான், கழற்றுவது சுலபம், ஆயில் ஒழுகாமல் திரும்ப மாட்டுவதுதான் பெரும்பாடு.

பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாக மட்டும் சுற்ற வேண்டும். இலக்கைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் டைமிங் கியர்களின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியைக் காட்ட ஹெட்லைட் மூடியில் இருக்கும் அம்மீட்டரே போதும். சாவி போட்டால் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். எனக்கு முள் சோம்பேறியாகத் தெரிந்ததால் ஒரு 12 வோல்ட் பல்பைக் குறுக்கே மாட்டிப் பார்த்தேன். முந்தைய மெக்கானிக் தாமதமாக வைத்திருந்த பிளேட்டை இங்கே கணிசமாக முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. கீறலை அப்படியே நம்பி மாட்டியிருந்தால் சத்தம் மட்டும் போயிருக்கும், வண்டி செத்தே இருந்திருக்கும்.

பலன்

டிக்கு போய்விட்டது. ஸ்லோ நிற்கிறது, ஸ்லோ ஸ்க்ரூவை அதற்கப்புறம் குறைக்க வேண்டியிருந்தது, முன்னால் ஏறி இறங்குவதைச் சமாளிக்க யாரோ அதிகமாக வைத்திருந்தார்கள். கிக்கர் திருப்பி அடிக்கவில்லை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை மெதுவாக மிதித்து, டீகம்ப்ரஸரை (கம்ப்ரஷனை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு அப்புறம் உதைக்கும் பழைய முறையை மச்சான் இடையில் கைவிட்டிருந்தார், அதையும் மறுபடி பழக்கினோம். யூனிட் நன்றாக இருந்தாலும் அரைகுறையாக உதைத்தால் புல்லட் அடிக்கத்தான் செய்யும்.

திம்பத்துக்குக் கூடவே போனேன். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு ஏறும்போது முதல் சில வளைவுகளில் தட்டல் இல்லை. மேலே ஒரு செங்குத்தான வளைவில், முன்னால் லாரி ஊர்ந்ததால் வேகம் ரொம்பக் குறைந்து, மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக இழுத்தபோது லேசாக ஒரு முறை கேட்டது. அந்த வேகத்தில் அந்த கியரில் இழுத்தால் எந்த வண்டியும் முனகும், இரண்டுக்கு இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே கரி கொஞ்சம் இருக்கலாம், அதற்காக ஹெட்டை இறக்க அவசரமில்லை என்று விட்டுவிட்டோம். டைமிங் கவருக்குள் கியர்களின் இரைச்சல் இன்னும் இருக்கிறது, அது வயசுச் சத்தம், ஸ்க்ரூ டிரைவர் வைத்தால்தான் தனியாகத் தெரிகிறது.

மழைக்காலம் முடிந்த பிறகு மூடியைத் திறந்து பார்த்தோம். புது ரப்பர் வாஷருக்கு உள்ளே தண்ணீர் தடம் இல்லை. ஸ்பிரிங் இரண்டும் கேமைச் சட்டென்று இழுத்துக்கொள்கின்றன, புஷ்ஷில் ஆட்டம் இல்லை. பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி 0.30-க்கு வந்திருந்தது, புது பாயிண்ட்டில் முதல் தடவை இப்படித்தான் ஆகும். மறுபடி 0.38 வைத்து, பல்பை மாட்டி டைமிங்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினோம். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் விடுகிறார் மச்சான்.